புக்பெர்கரும் பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி இயற்கணிதம் பற்றி எம்.எஸ்சி. மாணவர்களிடம் பேசப் போனால், ப்ரூனோ புக்பெர்கர் பெயர் வந்த உடனே கைகள் உயரும். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் க, ச என்ற இரண்டு எழுத்துகளும் மாறிகள். பிளஸ் டூ கணிதம் நினைவிருந்தால் போதும்.

புக்பெர்கர்னா யாரு? சுருக்கமா சொல்லுங்களேன்.

ஆஸ்திரியக் கணிதவியலாளர். பல மாறிகள் உள்ள பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்கிற அளவுக்குத் தெளிவான ஒரு வழிமுறையை 1965இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் தந்தவர்.

1942 அக்டோபர் 22 அன்று இன்ஸ்ப்ருக்கில் பிறந்தார். படித்ததும் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான். நெறியாளர் வொல்ஃப்காங் கிரோப்னர். 1974இல் லின்ட்ஸ் நகரில் உள்ள யோஹான்னஸ் கெப்ளர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1987இல் அங்கே ‘ரிஸ்க்’ என்ற குறியீட்டுக் கணிப்பு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

குறியீட்டுக் கணிப்புன்னா கால்குலேட்டர் செய்யற வேலைதானே?

இல்லை. கால்குலேட்டரிடம் 2இன் வர்க்கமூலத்தைக் கேட்டால் 1.41421356 என்று எங்கேயோ வெட்டி ஓர் எண்ணைத் தரும். குறியீட்டுக் கணிப்பில் அது √2 ஆகவே இருக்கும். வர்க்கப்படுத்தினால் சரியாக 2 வரும், 1.99999999 வராது.

பொறியியல் கணக்குகளில் பெரும்பாலும் தோராயமே போதும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ‘இந்தச் சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டா, இல்லையா’ என்பது ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அங்கே கடைசி இலக்கத்தில் விழும் பிழைகூடப் பதிலைத் தலைகீழாக்கிவிடும். புக்பெர்கரின் வேலை முழுக்க இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது.

ஸ்கூல்லயே ரெண்டு சமன்பாடு, ரெண்டு மாறி எல்லாம் தீர்த்தாச்சே. இதுல புதுசா என்ன இருக்கு?

பள்ளியில் தீர்த்தவை இரண்டு வகை. ஒன்று, எல்லா மாறியும் முதல் படியில் இருக்கும் நேரியல் சமன்பாடுகள். இவற்றை எத்தனை இருந்தாலும் காஸ் நீக்கல் முறையில் தீர்க்கலாம். இன்னொன்று, ஒரே மாறியில் உயர்ந்த படிகள் வருபவை. இரண்டு கோவைகளுக்குப் பொதுவான மூலம் உண்டா என்று பார்க்க யூக்ளிடின் வகுத்தல் முறையில் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடித்தால் போதும்.

சிக்கல் இரண்டும் சேரும்போதுதான்: பல மாறிகள், உயர்ந்த படிகள். பிரதியிட்டு நீக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு குறுக்குவழி தேட வேண்டியிருக்கும். புக்பெர்கரின் வழிமுறையை நேரியல் சமன்பாடுகள்மேல் ஓட்டினால் காஸ் முறை கிடைக்கும்; ஒரே மாறி உள்ள கோவைகள்மேல் ஓட்டினால் யூக்ளிடின் முறை கிடைக்கும். பழைய இரண்டு முறைகளும் ஒன்றின் தனி வடிவங்கள் என்று தெரிந்தது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே இதுதான்.

கிரோப்னர் அவருக்குக் கொடுத்த கேள்வி சரியா என்ன?

சில கோவைகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பிற கோவைகளால் பெருக்கி, கூட்டி, என்னென்ன கோவைகளை உண்டாக்க முடியுமோ அந்தக் கூட்டம் முழுவதையும் ஐடியல் என்பார்கள். தொடக்கக் கோவைகள் பூஜ்ஜியமாகும் இடத்தில் இந்தக் கூட்டத்தில் உள்ள எல்லாமே பூஜ்ஜியமாகும். இப்போது ஐடியலில் உள்ளதையெல்லாம் பூஜ்ஜியமாகக் கருதிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? தீர்வுகளின் எண்ணிக்கை முடிவுற்றதாக இருக்கும்போது இந்த மிச்சம் ஒரு முடிவுற்ற பரிமாண வெளி. அதற்கு ஓர் அடிக்கணத்தை, அதாவது எண்களால் பெருக்கிக் கூட்டினால் அந்த மிச்சம் முழுவதையும் தரும் மிகச் சில உறுப்புகளை, கணக்கிட்டுக் காட்டு என்பதுதான் கேள்வி.

கேள்வியே கரடுமுரடாகத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள், அடுத்த பதிலில் வரும் கணக்கில் அந்த அடிக்கணம் கண்ணுக்கே தெரியும். கிரோப்னர் காலத்திலேயே கையால் செய்துபார்க்கும் உத்திகள் இருந்தன. எந்த இடத்தில் ‘போதும், எல்லாம் வந்துவிட்டது’ என்று நிறுத்தலாம் என்பதற்குத்தான் உத்தரவாதமான சோதனை இல்லை.

சரி, ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க. அப்பதான் நம்புவேன்.

நியாயம்தான். இரண்டு எண்கள், வர்க்கங்களின் கூடுதல் 5, பெருக்கற்பலன் 2. அதாவது, முதல் கோவை க² + ச² − 5. இரண்டாவது க·ச − 2. இரண்டும் பூஜ்ஜியமாக வேண்டும். உறுப்புகளை எழுதும்போது க உள்ளதற்கு முன்னுரிமை என்று ஒரு வரிசையை வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் கோவையின் தலை உறுப்பு (வரிசையில் முதலில் நிற்பது) க², இரண்டாவதன் தலை உறுப்பு க·ச.

இப்போது க²·ச என்ற உறுப்பை இந்த இரண்டால் வகுத்துப் பாருங்கள். முதல் கோவையால் வகுத்தால் மீதி 5ச − ச³. இரண்டாவதால் வகுத்தால் மீதி 2க. ஒரே உறுப்பை வகுத்தோம், இரண்டு மீதி வந்துவிட்டது. இரண்டையும் மேற்கொண்டு வகுக்கவும் முடியவில்லை. யாரால் முதலில் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து மீதி மாறினால் அந்த வகுத்தலை நம்பி எதையும் சொல்ல முடியாது. புக்பெர்கர் கைவைத்தது இந்த இடத்தில்தான். இரண்டு மீதிகளின் வித்தியாசத்தை, அதாவது 2க + ச³ − 5ச என்பதை, மூன்றாவது கோவையாகப் பட்டியலில் சேர்த்துவிடு என்றார். எஸ்-பல்லுறுப்புக் கோவை என்று இன்று பாடங்களில் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். க²·ச எங்கிருந்து வந்தது என்றால், க², க·ச என்ற இரண்டு தலை உறுப்புகளின் மீச்சிறு பொது மடங்கு அது.

புதிய கோவையின்படி 2க = 5ச − ச³. இதைக் கொண்டு க·ச − 2 என்பதைச் சுருக்கினால் க காணாமல் போய், ச⁴ − 5ச² + 4 வரும். இது (ச² − 1)(ச² − 4). ஆகவே ச என்பது 1, −1, 2, −2. ஒவ்வொன்றுக்கும் க முறையே 2, −2, 1, −1. பழைய இரண்டு கோவைகளும் இனி தேவையில்லை. புதியவற்றால் வகுத்தால் இரண்டுக்கும் மீதி பூஜ்ஜியம். கடைசியில் கையில் நிற்பவை 2க + ச³ − 5ச, ச⁴ − 5ச² + 4 என்ற இரண்டும். இதற்குப் பெயர்தான் கிரோப்னர் அடிக்கணம். இவற்றால் எந்த வரிசையில் வகுத்தாலும் மீதி ஒன்றேதான். அந்த மீதியில் 1, ச, ச², ச³ மட்டுமே வரமுடியும். நான்கு உறுப்புகள், நான்கு தீர்வுகள். கிரோப்னர் கேட்ட அடிக்கணம் இந்த நான்கும்தான்.

எல்லா ஜோடியையும் இப்படிப் பார்த்துக்கிட்டே போனா எப்ப முடியும்? முடியாமலே போயிட்டா?

முடியாமல் போகாது. ஒவ்வொரு முறை புதுக் கோவை சேரும்போதும், அதன் தலை உறுப்பு ஏற்கெனவே உள்ள எந்தத் தலை உறுப்பாலும் வகுபடாதது. வகுபட்டிருந்தால் அதையும் வகுத்துக் குறைத்திருப்போமே! இப்படி ஒன்றால் ஒன்று வகுபடாத உறுப்புகளை முடிவில்லாமல் அடுக்கிக்கொண்டே போக முடியாது என்பது டிக்சன் 1913இல் காட்டிய துணைத் தேற்றம்.

கட்டம் போட்ட தாளில் செய்துபாருங்கள். க³·ச² என்பதை (3, 2) என்ற புள்ளியாகக் குறியுங்கள். அதற்கு வலப்புறமும் மேலேயும் உள்ள புள்ளிகள் எல்லாம் அதன் மடங்குகள்; அவற்றை அடித்துவிடுங்கள். மிச்சத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து மறுபடி அடியுங்கள். எப்படித் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கட்டத்தில் இடம் தீர்ந்துபோகும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கான சோதனை: எல்லா ஜோடிகளின் எஸ்-கோவைகளும் பட்டியலில் உள்ளவற்றால் வகுபட்டு மீதி பூஜ்ஜியம் ஆனால் வேலை முடிந்தது. ஐடியலில் முடிவிலி எண்ணிக்கையில் கோவைகள் இருக்கின்றன. ஆனால் சோதிக்க வேண்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஜோடிகளை. வழிமுறையைவிட இந்தத் தேற்றம்தான் பெரிய விஷயம் என்பது என் கருத்து. வழிமுறை இதிலிருந்து தானாக வந்து விழுகிறது.

இவருக்கு முன்னாடியே வேற ஆளுங்க கண்டுபிடிச்சுட்டாங்கன்னு படிச்சேனே?

பாதி உண்மை. ஹில்பர்ட் 1890இலேயே எந்த ஐடியலுக்கும் முடிவுற்ற எண்ணிக்கையில் உருவாக்கிகள் (அதை உண்டாக்கும் தொடக்கக் கோவைகள்) போதும் என்று நிறுவிவிட்டார். ஆனால் அது ‘இருக்கிறது’ என்று சொன்னதே தவிர, கணக்கிடும் வழியைத் தரவில்லை. ஹில்பர்ட்டின் தேற்றத்தை எளிமையாக நிறுவ, கோர்டான் 1900 வாக்கில் தலை உறுப்புகளைப் பயன்படுத்தினார். ரஷ்யாவில் நிக்கலாய் குந்தர் 1913இல் இதற்கு நெருக்கமான கருத்துகளை எழுதியிருந்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கவனத்துக்கு வந்தது. ஹிரோனாகா 1964இல், தனக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றுத்தந்த ஆய்வில், அடுக்குத் தொடர்களுக்கு ‘நிலையான அடிக்கணம்’ என்ற பெயரில் கிட்டத்தட்ட இதே பொருளைப் பயன்படுத்தினார்.

ஹிரோனாகா கணக்கிடும் முறையைத் தரவில்லை. எஸ்-கோவைகளை மட்டும் சோதித்தால் போதும் என்ற தேற்றம், அதிலிருந்து வரும் வழிமுறை, அது கட்டாயம் நிற்கும் என்ற நிரூபணம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தவர் புக்பெர்கர். அதோடு நிற்காமல், இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்தில் இருந்த ட்சூஸே Z23 கணினியில் நிரல் எழுதி ஓட்டியும் காட்டினார்.

சமன்பாடுகளைச் சுருக்கும் விதிகளாக மாற்றித்தரும் க்னூத்–பெண்டிக்ஸ் வழிமுறையும் இதே போல இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், கருத்து அண்ணன் தம்பிதான். அது 1970இல் அச்சில் வந்தது, இது 1965.

1965லயே எழுதிட்டார்னா உலகம் ஏன் அப்பவே கொண்டாடல?

ஆய்வேடு ஜெர்மன் மொழியில் இருந்தது. ஆய்விதழில் கட்டுரையாக வந்தது 1970இல், அதுவும் ஜெர்மனில். தூய கணிதக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் கணக்கிடுவதில் ஆர்வம் குறைவு. ஒன்று இருக்கிறது என்று நிறுவினால் போதும் என்பதே அன்றைய ருசி. கணினிப் பக்கம் இருந்தவர்களுக்கோ ஐடியல், வளையம் எல்லாம் அந்நியம். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பொட்டல்காட்டில் கடை விரித்தவர் அவர். வாங்க ஆள் வரப் பத்து வருஷம் ஆனது.

கணினியின் நினைவகமும் ஒரு காரணம். முந்தைய கணக்கில் எண்கள் சின்னதாகவே இருந்தன. நிஜக் கணக்குகளில் நடுவழியில் வரும் கெழுக்கள் பக்கம் பக்கமாக நீளும். 1976இல் ஆங்கிலத்தில் அவர் கட்டுரை வந்தபோதுதான் கணினி இயற்கணிதம் என்ற துறைக்கு ஒரு கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அப்புறம் வேகம் பிடித்தது. ஆய்வேட்டின் முழு ஆங்கில வடிவம் அச்சில் வந்ததோ 2006இல்தான்.

கண்டுபிடிச்சது இவரு. பேரு மட்டும் ஏன் கிரோப்னருக்கு?

1976இல் புக்பெர்கரே வைத்த பெயர் அது, நெறியாளருக்கு மரியாதையாக. கிரோப்னர் (1899–1980) அப்போது உயிரோடு இருந்தார். கேள்வியைக் கொடுத்தவர் அவர். கோட்டிங்கனில் எம்மி நோதரிடம் இந்தக் கணிதத்தைக் கற்று ஆஸ்திரியாவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. வழிமுறைக்கு மட்டும் உலகம் புக்பெர்கர் பெயரை வைத்துக்கொண்டது. ‘புக்பெர்கர் வழிமுறையில் கிரோப்னர் அடிக்கணம் கணக்கிடு’ என்று பரீட்சையில் கேட்டால் குழம்ப வேண்டாம்.

ஒரே அல்காரிதம். அதை வெச்சே வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணாரா?

பண்ணினார் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். வழிமுறையைச் செப்பனிடும் வேலை தொடர்ந்தது. பெரும்பாலான ஜோடிகளைச் சோதித்தால் மீதி பூஜ்ஜியம்தான் வரும். அந்த உழைப்பு வீண். எந்த ஜோடிகளைப் பார்க்காமலே விடலாம் என்று சொல்லும் விதிகளைக் கொண்டுவந்தார். நம் கணக்கையே எடுங்கள்: கடைசியில் நின்ற இரண்டு கோவைகளின் தலை உறுப்புகள் க, ச⁴. இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. பொதுக் காரணி இல்லையென்றால் அந்த ஜோடியைத் தொடவே வேண்டாம் என்பது ஒரு விதி; அதனால்தான் நான் அங்கேயே நிறுத்தினேன். மூன்று கோவைகளைச் சங்கிலியாகப் பார்த்து ஒரு ஜோடியைக் கழிக்கும் இன்னொரு விதி 1979இல் வந்தது.

ஆனால் 1980களில் அவர் கவனம் அமைப்புகளைக் கட்டுவதில் திரும்பியது. 1985இல் குறியீட்டுக் கணிப்புக்கென்று ஓர் ஆய்விதழைத் தொடங்கி அதன் முதல் ஆசிரியரானார். ரிஸ்க் நிறுவனம் 1989இல் லின்ட்ஸுக்கு வடகிழக்கே ஹாகென்பெர்க் என்ற சிற்றூரின் பழைய கோட்டைக்குக் குடிபோனது. கோட்டையைச் சுற்றி மென்பொருள் பூங்கா ஒன்று எழுந்தது. நிறுவனங்கள், ஆய்வகங்கள், உயர்கல்வி நிலையம் என்று ஊரின் முகமே மாறியது. இடைக்காலக் கோட்டைக்குள் உட்கார்ந்து பல்லுறுப்புக் கோவை சுருக்குவது பொறாமைப்படத்தக்க வேலைதான்.

1990களின் நடுவில் ‘தியோரெமா’ என்ற திட்டத்துக்கு வந்தார். கணிதத் தேற்றங்களை நிறுவக் கணினி துணைசெய்யும் அமைப்பு அது. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். 2007இல் ஏ.சி.எம். என்ற கணினித் துறை அமைப்பின் பாரிஸ் கனெல்லாகிஸ் விருது கிரோப்னர் அடிக்கணத்துக்காகவும், 2018இல் தானியங்கி நிரூபணத் துறையின் எர்ப்ரான் விருதும் கிடைத்தன.

என் லேப்டாப்ல ஏழெட்டு சமன்பாடு போட்டேன். ராத்திரி பூரா ஓடுச்சு, விடையே வரல. அப்புறம் என்ன பெரிய அல்காரிதம்?

லேப்டாப் மேல் குற்றமில்லை. 1982இல் மைர், மேயர் இருவரும் காட்டியபடி, மோசமான கணக்குகளில் கோவைகளின் படி, மாறிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இரட்டை அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். அதாவது 2இன் அடுக்காக 2இன் அடுக்கு. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் மோசமான கணக்கு மோசமான கணக்குதான். நல்லவேளையாக, நடைமுறையில் வரும் கணக்குகள் பெரும்பாலும் அவ்வளவு கொடூரமானவை அல்ல.

செய்யக்கூடியவை சில உண்டு. நான் முதலில் பார்ப்பது உறுப்புகளின் வரிசையை. மேலே நான் ‘க உள்ளதற்கு முன்னுரிமை’ என்று வைத்தது அகராதி வரிசை. மாறிகளை ஒவ்வொன்றாக நீக்க அது வசதி, ஆனால் கணக்கு பூதமாக வீங்கும். மொத்தப் படியை முதலில் பார்க்கும் வரிசைகளில் வேலை பல மடங்கு லேசு. தீர்வுகள் முடிவுற்ற எண்ணிக்கையில் இருந்தால், லேசான வரிசையில் கணக்கிட்டுவிட்டு, பிறகு அகராதி வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த மாற்று முறையை ஃபோஜேர், ஜியான்னி, லசார், மோரா ஆகிய நால்வரும் 1993இல் தந்தார்கள். அடுத்து, விகிதமுறு எண்களில் போவதற்கு முன்பு ஒரு பகா எண்ணை வைத்து, எல்லாக் கெழுக்களையும் அதனால் வகுத்த மீதியாக எடுத்து ஓட்டிப் பாருங்கள். சிங்குலர் மென்பொருள் பயன்படுத்துகிறவர்கள் வழக்கமாக 32003 போடுவார்கள். கெழுக்கள் வீங்காது, கணக்கு முடியக்கூடியதா என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

மென்பொருளையும் பாருங்கள். ஃபோஜேர் 1999இல் எஃப்4, 2002இல் எஃப்5 என்ற வழிமுறைகளைக் கொண்டுவந்தார். எஃப்4 பல ஜோடிகளை ஒரே பெரிய அணியாக அடுக்கி ஒரே வீச்சில் சுருக்கும். எஃப்5 வீண் ஜோடிகளைப் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டு ஒதுக்கும். புக்பெர்கரின் தேற்றம் அப்படியே இருக்கிறது. அதை நிறைவேற்றும் விதம்தான் மாறியது.

நிஜ வாழ்க்கையில எங்க உதவுது? பேப்பர் எழுத மட்டும்தானா?

ஆறு மூட்டுள்ள ரோபோ கையின் நுனி குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட கோணத்தில் நிற்க வேண்டும் என்றால் மூட்டுகளை எவ்வளவு திருப்ப வேண்டும்? கோணங்களின் சைன், கொசைனை மாறிகளாக எடுத்தால் இது பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுதான். பொதுவான அமைப்பில் அதிகபட்சம் 16 விடைகள் வரும். அதேபோல, ஒரே காட்சியின் இரண்டு படங்களில் ஐந்து பொதுப் புள்ளிகளை அடையாளம் கண்டால் கேமரா எப்படி நகர்ந்தது என்று சொல்லிவிடலாம். அதிகபட்சம் 10 விடைகள். இந்த மாதிரிக் கணக்குகளுக்கு கிரோப்னர் அடிக்கண வேலையை முன்கூட்டியே ஒருமுறை செய்துவைத்து, பிறகு எண்களை மட்டும் மாற்றி மாற்றி நொடியில் தீர்ப்பார்கள்.

சங்கேத முறைகளில் கதை இன்னும் சுவாரசியம். பல மாறிச் சமன்பாடுகளைத் தீர்ப்பது கடினம் என்ற நம்பிக்கையில் ஷாக் பதாரின் 1996இல் எச்.எஃப்.இ. என்ற முறையை உருவாக்கி, 80 மாறிகளில் 80 சமன்பாடுகள் கொண்ட ஒரு சவாலையும் வைத்தார். 2003இல் ஃபோஜேரும் ஷூவும் எஃப்5 கொண்டு அதை உடைத்தார்கள். மாறிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தீர்க்கவே முடியாது என்று தோன்றும். ஆனால் அந்தச் சமன்பாடுகளுக்குள் ஒளித்துவைத்த அமைப்பே அவற்றை எளிதாக்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வடிவியல் தேற்றங்களை நிறுவவும் பயன்படுகிறது. எடுகோள்களைச் சமன்பாடாக்கி, முடிவையும் கோவையாக்கி, அது ஐடியலுக்குள் வருகிறதா என்று வகுத்துப் பார்ப்பது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தீபக் கபூர் 1986இல் இந்த வழியில் செய்த ஆய்வு அறியப்பட்டது.

விடையா வெறும் 1 வந்துச்சு. சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா?

கெடவில்லை, அதுதான் விடை. கிரோப்னர் அடிக்கணத்தில் 1 வந்தால், சமன்பாடுகளைக் கூட்டிப் பெருக்கி ‘1 = 0’ என்று கொண்டுவர முடிகிறது என்று அர்த்தம். அதாவது தீர்வே இல்லை. உதாரணமாக க = 0, க·ச = 1 என்று கொடுத்துப் பாருங்கள்.

இதைத் திருப்பிப் போடும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். 1 வராவிட்டால் தீர்வு உண்டு, ஆனால் கலப்பெண்களில். நம் கணக்கில் 5க்குப் பதிலாக 3 போடுங்கள். கடைசிக் கோவை ச⁴ − 3ச² + 4 ஆகும். ச²க்குத் தன்மைகாட்டி 9 − 16, குறை எண். மெய்யெண் தீர்வு ஒன்றுகூடக் கிடையாது. கலப்பெண் தீர்வுகள் நான்கு உண்டு. 5க்குப் பதிலாக 4 போட்டால் (ச² − 2)² வரும். தீர்வுகள் இரண்டுதான், ஆனால் மீதியில் வரும் உறுப்புகள் முன்பு போலவே நான்கு. காரணம், வரைபடத்தில் வட்டமும் அதிபரவளையமும் அந்த இரண்டு இடங்களிலும் தொட்டுச் செல்கின்றன. ஒவ்வொரு தீர்வும் இரண்டாக எண்ணப்படுகிறது. மெய்யெண் தீர்வுகளை மட்டும் பிரித்தெடுக்க வேறு கருவிகள் வேண்டும்.

ஐந்தாம் படியிலிருந்தே ஃபார்முலா இல்லன்னு ஆபெல் சொல்லிட்டாரே. இது மட்டும் எப்படி எல்லாத்தையும் தீர்க்குது?

ஆபெல் சொன்னது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலங்கள் ஆகியவற்றால் மட்டும் எழுதப்படும் பொதுச் சூத்திரம் கிடையாது என்பது. புக்பெர்கரின் வழிமுறை அப்படி எந்தச் சூத்திரத்தையும் தருவதாகச் சொல்லவில்லை. பல மாறிகள் பின்னிக் கிடக்கும் கூட்டத்தை அவிழ்த்து, நல்ல நிலைமையில் ஒரே மாறியில் ஒரு கோவை, மற்ற மாறிகள் எல்லாம் அதன் மூலம் என்று கொண்டுவந்து நிறுத்துகிறது. நம் கணக்கில் ச⁴ − 5ச² + 4 வந்தது போல. அங்கே 16ஆம் படிக் கோவை நின்றால் அதன் மூலங்களை எண்முறையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். தீர்வு உண்டா, எத்தனை, எந்தக் கோவை ஐடியலுக்குள் இருக்கிறது போன்ற கேள்விகளுக்கு மூலங்களே தேவையில்லை.

கம்ப்யூட்டரே தேற்றம் நிறுவும்னா, அது புக்பெர்கர் அல்காரிதத்தையே கண்டுபிடிக்குமா?

இந்தக் கேள்வியை அவரே தனக்குத்தானே போட்டுக்கொண்டார். தியோரெமா திட்டத்தில் 2004 வாக்கில் ‘சோம்பேறிச் சிந்தனை’ என்ற பெயரில் ஒரு முறையை முன்வைத்தார். வழிமுறைக்கு ஒரு கூடு மட்டும் கொடுப்பது: ஜோடிகளை எடு, ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒன்றைச் செய், மீதியைப் பட்டியலில் சேர். அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்று சொல்வதில்லை. இந்தக் கூடு சரியானது என்று நிறுவு என்று அமைப்பிடம் விட்டுவிடுவது.

நிரூபணம் நடுவில் சிக்கி நிற்கும், நிற்கத்தான் வேண்டும். எந்த இடத்தில் சிக்கியது என்பதைப் பார்த்து, அந்த ‘ஏதோ ஒன்று’ எந்த நிபந்தனையை நிறைவேற்றினால் நிரூபணம் தொடரும் என்று அமைப்பே எழுதுகிறது. அந்த நிபந்தனையைச் சரியாக நிறைவேற்றுவது இரண்டு தலை உறுப்புகளின் மீச்சிறு பொது மடங்கு. அதாவது மேலே நாம் க²·ச எடுத்து இரண்டு விதமாக வகுத்த அதே படி. 1965இல் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு மாணவருக்குத் தோன்றிய யோசனை, கூட்டை முன்கூட்டியே கொடுத்த நிலையில், தோற்றுப்போன ஒரு நிரூபணத்திலிருந்து இயந்திரத்துக்குக் கிடைத்தது. கூட்டைக் கொடுத்ததே பாதி வேலை இல்லையா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

நானும் இதுல இறங்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கறது?

வளையம், ஐடியல் பற்றிய ஒரு பருவப் பாடம் முடித்திருந்தால் போதும். சிங்குலர், மெக்காலே2, கோகோஆ, சேஜ் எல்லாமே இலவசம். மெக்காலே2க்குப் பெயர் தந்த மெக்காலே, நம்மூர் மாணவர்கள் நினைக்கும் கல்விக் குறிப்பு மெக்காலே இல்லை. லண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட கணிதவியலாளர்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்கைக் கையால் செய்துவிடுங்கள். க² + ச² = 5, க·ச = 2 ஏற்கெனவே செய்தாயிற்று. இப்போது ச உள்ளதற்கு முன்னுரிமை கொடுத்துத் தொடங்குங்கள். க, ச இடம் மாறி அதே மாதிரி வரும். அதன் பிறகு மொத்தப் படிக்கு முன்னுரிமை, படி சமமானால் க முன்னால் என்ற வரிசையில் செய்யுங்கள். அப்போது ச³ + 2க − 5ச என்பதில் தலை உறுப்பு ச³ ஆகிவிடும், அடிக்கணத்தில் மூன்று கோவைகள் நிற்கும், மீதியில் வரும் உறுப்புகள் 1, க, ச, ச² என்று மாறும். எண்ணிக்கை மட்டும் அதே நான்கு.